சுடுகாட்டு மரங்களுக்கு ஒரு கணக்கு

வன உரிமைச் சட்டத்தின் விதிகள் 2008 ஜனவரி 1 அன்று அறிவிக்கப்பட்டன. இந்தக் காடு தலைமுறை தலைமுறையாக எங்களுடையது என்று ஒரு சமூகம் எதையெல்லாம் காட்டி நிரூபிக்கலாம் என்பதை 13ஆம் விதி சொல்கிறது. அந்தப் பட்டியலின் ஒரு வரியில் புனித மரங்கள், தோப்புகள், குளங்கள், ஆற்றோரங்கள், இடுகாடு, சுடுகாடு எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. சட்டம் எழுதியவர்கள் சாட்சியங்களைத் தொகுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையைப் பொறுத்தவரை அந்த வரிக்குத் தனிக் கனம் உண்டு. 1976 வரை இம்மலை சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் பிடியில் இருந்தது. சமவெளியில் ரயத்துவாரிப் பட்டா ஊறிப்போன காலத்திலும் மலையாளிப் பழங்குடியினர் கையில் காகிதம் என்று பெரிதாக எதுவும் இல்லை. காகிதம் இல்லாத இடத்தில் மரமும் புதைகுழியும்தான் பத்திரம்.

தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை வன உரிமைப் பத்திரங்கள் கொடுக்கப்படாமலே கிடந்தன என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த மலையில் ஒரு சுடுகாட்டு மரத்தை வெட்டுவது எதை வெட்டுவது என்று புரியும்.

இறந்தவர்களின் நிலமும் மரங்களின் நிலமும் ஒன்றாக இருக்க முடியுமா, அதுவும் ஊரார் எல்லோரும் வந்து பார்த்துப் படிக்கும் மரக்காட்சித் தோட்டமாக இருக்க முடியுமா என்பது கேள்வி. மேற்கில் இதற்குப் பெயர்பெற்ற விடைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டி 1831இல் திறக்கப்பட்ட மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஜேக்கப் பிகலோ என்ற மருத்துவர், தாவரவியலும் அறிந்தவர். நகருக்குள் தேவாலய முற்றங்களில் பிணங்களை நெருக்கி அடுக்குவது உடல்நலத்துக்குக் கேடு என்று அவர் கருதினார். இரண்டே ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்டிருந்த மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம் அவருடன் சேர்ந்துகொண்டது. கல்லறைக்கு இடம் விற்ற பணம் மரங்களை வளர்த்தது.

லண்டனின் ஏப்னி பார்க் இன்னும் சுவையானது. 1840இல் திறக்கப்பட்ட அந்த 31 ஏக்கர் கல்லறையில் லாடிஜஸ் என்ற நாற்றங்கால் நிறுவனம் சுமார் 2,500 வகை மரங்களையும் புதர்களையும் சுற்றுச்சுவரை ஒட்டி ஆங்கில அகரவரிசைப்படி நட்டது. உறவினரைப் புதைத்துவிட்டு வீடு திரும்புகிறவர் வழியில் பத்து மரங்களின் பெயரைத் தெரிந்துகொள்ளலாம். ஏப்னி பார்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அனேகமாக இந்த அகரவரிசையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இங்கிலாந்து அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத கிறிஸ்தவர்கள் தொடங்கிய கல்லறை அது. இன்ன சபைக்கு இந்தப் பக்கம், மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் என்று நிலத்தைப் பிரிக்கவில்லை. எந்த ஆயரும் வந்து நிலத்தைப் புனிதப்படுத்தவில்லை. உள்ளே வரும் எவரும் எல்லா மரத்தையும் பார்க்க முடிந்ததற்கு, நிலத்தில் கோடு போடப்படாததுதான் முதல் காரணம். கள்ளக்குறிச்சிக்கு இங்கே ஒரு பாடம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ஏப்னி பார்க்கின் பிற்கால வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். அதை நடத்திய கம்பெனி 1970களில் நொடித்துப்போனது. பராமரிப்பு நின்றது, தானாக முளைத்தவை அகரவரிசையை விழுங்கின, நட்டவற்றில் மிகச் சிலவே மிஞ்சின. இன்று அது ஹேக்னி உள்ளாட்சியின் இயற்கைக் காப்பிடம். மரம் நடுவதற்குக் கிடைக்கும் கைதட்டல் முப்பதாவது ஆண்டில் தண்ணீர் ஊற்றுகிறவனுக்குக் கிடைப்பதில்லை என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

இறந்தவரை மரத்தோட்டத்தில் வைக்கும் ஆசை இந்தியாவிலும் இருந்திருக்கிறது. 1787இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கிய ராபர்ட் கிட், தன்னைத் தன் தோட்டத்திலேயே, வெண்ணெய்ப்பழ மரத்துக்கு அருகில் புதைக்கச் சொல்லி உயில் எழுதினார். 1793இல் அவர் இறந்தபோது நகரத்துப் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

தமிழில் இதற்கெல்லாம் பல நூற்றாண்டு முந்தைய சாட்சி ஒன்று உண்டு: மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டைச் சாத்தனார் அங்கே வர்ணிக்கிறார். பேயும் நரியும் கோட்டானும் வருவதால் பயங்கரக் காட்சியாகவே அதைப் படித்துப் பழகிவிட்டோம். சற்று நிதானமாகப் படித்தால் அது ஒரு நில அளவையாளரின் வேலைபோல இருக்கிறது. மதில் இருக்கிறது, நான்கு வாயில்கள் இருக்கின்றன. ஒரு வாயிலில் நெல்லும் கரும்பும் பொய்கையும் சோலையும் தீட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று ஓவியமே இல்லாத வெறும் வெள்ளைச் சுதை. இன்னொன்றில் பாசமும் சூலமும் ஏந்திய பூதத்தின் சிலை. எரிப்பவர், சும்மா இட்டுவிட்டுப் போகிறவர், குழிதோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர், தாழி கவிப்பவர் என ஐந்து வகையாரும் அந்த ஒரே மதிலுக்குள் வருகிறார்கள்.

உள்ளே இடங்கள் எப்படி அடையாளம் காட்டப்படுகின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரைக்காகக் கவனிக்க வேண்டும். வாகை மன்றம், வெள்ளில் மன்றம், வன்னி மன்றம், இரத்தி மன்றம். வெள்ளில் என்பது விளா. இரத்தி என்பது இலந்தை. ஐந்தாவதான வெள்ளிடை மன்றம் மட்டும் மரமில்லாத வெட்டவெளி. இவை போக தான்றி, ஒடுவை, உழிஞ்சில், கான்றை, சூரை, கள்ளி என்று தனிப்பட்டியல் ஒன்றும் வருகிறது. சுடலை நோன்பிகள் வன்னியின் கீழ், தலையோடு சேர்ப்பவர்கள் இலந்தையின் கீழ், நிணம் தின்னும் பறவைகள் விளாவின் மேல். மரத்தின் பெயரே இடத்தின் முகவரி. யாரும் இவற்றை அழகுக்காக நட்டிருக்க மாட்டார்கள். தானாக வளர்ந்தவையாக இருக்கும். சுடுகாடு என்பதால் வெட்டப்படாமல் தப்பியவை. ஆனாலும் பத்து மரங்களைப் பெயர் சொல்லிப் பிரித்தறிய அந்தக் காலத்துக் கேட்போரால் முடிந்தது என்பதை மறுக்க முடியாது.

இந்த மரங்கள் கள்ளக்குறிச்சிக்கு அந்நியமல்ல. தான்றி கல்வராயன் மலைக்காட்டில் உண்டு. வாகையில் இந்தப் பக்கத்து மரச்சிற்பிகள் சாமி சிலை செதுக்குவார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலந்தையும் விளாவும் கரம்பு நிலத்தில் இன்றும் தென்படும்.

மாவட்டத்துக்குள்ளேயே இதைவிட நெருக்கமான ஒரு சான்று திருக்கோவிலூரில் இருக்கிறது. தென்பெண்ணையாற்றில் தனித்து நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரி இறந்த பின் அவன் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த இடம் அது என்று அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசையாக அடுக்கியவரும் கபிலர்தான். தமிழின் முதல் பெரிய மலர்ப்பட்டியலைத் தந்த புலவனின் பெயரால் தமிழ்நாட்டில் ஒரு நினைவிடம் இருக்கிறது என்றால், அது இந்த மாவட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் அந்த 99 செடிகொடிகளையும் பாறையைச் சுற்றி நட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். வேண்டாம் என்பேன். மலைச்சாரலில் வளர்வதை ஆற்று மணலில் நட்டால் திறப்பு விழா புகைப்படம் மட்டும்தான் மிஞ்சும். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. அந்தப் பட்டியலில் எவை கல்வராயன் அடிவாரத்தில் இன்னும் நிற்கின்றன என்று தேடிப் பார்ப்பது பயனுள்ள வேலை. அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்யலாம்.

இன்னும் பழைய புதைநிலங்களும் இருக்கின்றன. வட தமிழகம் முழுக்கக் கல்வட்டம், கல்திட்டை, கல்லறைப் பெட்டி என்று பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பரவிக் கிடக்கின்றன. மக்கள் அவற்றைப் பாண்டவர் குழி என்பார்கள், வாலியர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். மலைக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கத்து மோட்டூரில் மனித உருவில் வெட்டிய பெரிய பலகைக்கல்லே நிற்கிறது. இங்கே மரத்துக்கும் தொல்லியலுக்கும் ஒத்துப்போகாது. ஆலும் அரசும் வேர்விட்டால் மூடுகல் பிளந்துவிடும். அதைவிட ஆபத்து பொக்லைன். மரம் நடும் இயக்கம் என்ற பெயரில் வரிசையாகக் குழி பறிக்கும்போது, தரைக்குச் சில அடி கீழே இருக்கும் தாழியின் வாய் நொறுங்குவது யார் கண்ணிலும் படாது. ஆதிச்சநல்லூர் 114 ஏக்கர் ஈமக்காடு என்பது தெரிந்த பிறகுதான் அதற்கு வேலி வந்தது. பெயர் தெரியாத மேடுகளுக்கு வேலி கிடையாது. ஆகவே பழைய ஈமக்காட்டில் முதல் விதி, புதிதாக எதையும் நடாதே என்பதுதான். இருக்கும் மரத்துக்குப் பெயர்ப்பலகை வை, கல்லைப் பிளக்கும் கன்றைச் சிறிதாக இருக்கும்போதே அகற்று. அவ்வளவு போதும்.

தமிழ்ச் சமூகம் மரங்களைத் தொடாமல் காத்த இடம் என்றால் உடனே நினைவுக்கு வருவது கோயில் காடு. சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையத்தின் எம். அமிர்தலிங்கம் 1998இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கோயில் காடுகள் 448 பதிவாகின. கள்ளக்குறிச்சியும் விழுப்புரமும் கடலூரும் சேர்ந்த பழைய தென்னார்க்காட்டில் புத்துப்பட்டு, திருமாணிக்குழி, குழந்தைகுப்பம் ஆகிய காடுகளைப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் என். பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் 1990களில் மரம் மரமாக எண்ணி அளந்தார்கள். வீரை, காசா, இரும்பிலி, உலக்கைப்பாலை போன்ற பசுமை மாறாத வறள்காட்டு இனங்கள் கடற்கரையை ஒட்டி எஞ்சியது இப்படிப்பட்ட அய்யனார் காடுகளில்தான். அதே பல்கலைக்கழகத்திலிருந்து கல்வராயன் மலையின் காட்டு மரங்களைப் பற்றியும் ஆய்வு வந்தது.

கோயில் காடு பிழைத்தது, சுடுகாட்டு மரங்கள் ஏன் பிழைக்கவில்லை? பயம் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் கோயில் காட்டுக்குத் திருவிழா இருக்கிறது, பூசாரி இருக்கிறார், குதிரை எடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு கிளையை ஒடித்தால் கேட்க ஆள் உண்டு. சுடுகாட்டில் வெட்டியான் மட்டும்தான். தலைமுறையாகச் சாதியின் பெயரால் அந்த வேலையில் தள்ளப்பட்டவருக்கு மரத்தைக் காக்கும் அதிகாரத்தை எந்த ஊரும் கொடுத்ததில்லை. தவிர, எரிப்பதற்கு வறட்டியோடு பல நூறு கிலோ விறகு வேண்டும். அவசரத்துக்கு அது பக்கத்திலிருந்துதான் வரும். வருவாய்த்துறைக் கணக்கில் அந்த நிலம் சுடுகாட்டுப் புறம்போக்கு. நம் வழக்கில் புறம்போக்கு என்பது ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

காலியான இடத்துக்கு வந்து சேர்ந்தது சீமைக் கருவேலம், ஊர்வழக்கில் வேலிக்காத்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. சென்னை மாகாண வனப் பாதுகாவலர் பெட்டோம் 1876இல் இதன் விதைகளை வரவழைக்கக் கேட்டெழுதினார். கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் முதலில் நடப்பட்டது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக வந்தது பிறகு ஏரி, குளம், சுடுகாடு என்று பொதுநிலம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. தாவரவியலில் இது வன்னியின் உறவு. நெடுங்காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். சாத்தனார் இன்று ஒரு சராசரிக் கிராமத்துச் சுடுகாட்டைப் பாட வந்தால் மன்றத்துக்கு மன்றம் வேறு பெயர் வைக்க வழியில்லை. எல்லாம் ஒரே வேலிக்காத்தான் மன்றம். உயர்நீதிமன்றம் சொல்லி, அரசு கொள்கை வகுத்து, 2022 முதல் அகற்றும் வேலை நடக்கிறது. வேரோடு எடுக்காமல் மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எடுத்த இடத்தில் என்ன நிற்க வேண்டும் என்பதுதான் அதிகம் பேசப்படவில்லை.

இதற்குப் புதிய துறையோ புதிய திட்டமோ தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் மரக்கணக்கு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கிராமக் கணக்கு எண் 2சி. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை போன்ற பலன்தரும் மரங்களை அனுபவிக்க மரப்பட்டா கொடுப்பது அதன் வழியாகத்தான். காசு வரும் மரம் அதில் ஏறுகிறது. வன்னியும் வாகையும் ஏறுவதில்லை. இன்னொரு பக்கம், 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது. இந்த இரண்டு ஏட்டையும் சுடுகாட்டுக்குள் கொண்டுபோய் ஒருநாள் உட்கார்ந்தால் ஓர் ஊரின் மரக்காட்சித் தோட்டத்துக்கு முதல் பக்கம் தயார். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு கோயில் காடு 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அளவு சிறிதாக இருப்பது தடையில்லை என்பதற்கு அது போதும்.

நடுவதென்றால் எதை நடுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். சமவெளியில் வேம்பு, புங்கன், வாகை, விளா, இலந்தை, வன்னி. ஆற்றோரம் மருதும் நாவலும். மலையில் தான்றி, கடுக்காய், வேங்கை, பலா. புதைகுழி வரிசைகளுக்கு நடுவே ஆலும் அரசும் கூடாது. அவை எல்லையில் நிற்கட்டும். கிறிஸ்தவக் கல்லறைகளில் நிற்கும் ஈழத்தலரியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பரவி யாரையும் துரத்தவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். முஸ்லிம் அடக்கத்தலங்களில் குழியின் அடையாளமான மீசான் கட்டைக்குப் பக்கத்தில் பச்சைக் கிளை ஊன்றுவது பழைய வழக்கம். அந்தக் கிளை வேர்பிடிக்கும் இனமாக இருந்தால் வழக்கமும் பிழைக்கும், மரமும் கிடைக்கும்.

இத்தனையும் எளிது. கடினமானது, ஏப்னி பார்க்கில் போடாமல் விட்ட அந்தக் கோடு. தமிழ்நாட்டுக் கிராமத்தில் சுடுகாடு என்பது ஒருமையில் வருவதில்லை. ஊர்ச் சுடுகாடு வேறு, காலனிச் சுடுகாடு வேறு. இரண்டாவதற்குப் பாதை இருக்காது, இருந்தாலும் யாரோ ஒருவரின் வயல் வழியாகப் போகும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சியைப் பார்த்தோம். பிணத்துக்கே வழி இல்லாத நிலத்தில் மரம் பார்க்க யார் வருவார்கள்? எந்தச் சுடுகாட்டை மரத்தோட்டமாக்கினாலும் அது ஒரு சாதியின் பூங்காவாகிவிடும் ஆபத்து உண்மையானது. ஊர்ச் சுடுகாட்டுக்கு எரிமேடை, தண்ணீர்த்தொட்டி, மரக்கன்று. காலனிக்கு முள்ளும் சேறும் என்று முடியும். சாதி வேறுபாடில்லாத மயானம் வைத்திருக்கும் சிற்றூர்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. அந்தப் பணத்தை எதில் செலவிடுவது என்று ஓர் ஊர் கேட்டால் என் பதில் தயாராக இருக்கிறது. ஆனால் வரிசை மாறக்கூடாது: முதலில் பொதுப்பாதை, பிறகு பொது மயானம், அதன் பிறகு மரம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாக அடுக்கப்பட்ட சிதைகளை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கள்ளக்குறிச்சியின் சுடுகாடு செய்தியானது அப்போதுதான். அதைத் தொடர்ந்து சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலைமக்களின் நிலையை விசாரிக்கத் தொடங்கியது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று விசாரணை நீண்டது. அவைதான் முதலில் வேண்டும், அதில் சந்தேகமில்லை. கோமுகி அந்த மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. மலையில் ஆற்றோர மரமும் இடுகாடும் உரிமைக்கான சாட்சியம். கீழே அதே ஆற்றின் கரையில் இரண்டுக்கும் கணக்கே இல்லை.

1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி இடுகாடு சுடுகாடுகளை அமைத்துப் பராமரிப்பது ஊராட்சியின் கடமை. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கள்ளக்குறிச்சி மாவட்டத்து வாசகர்கள் அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்பலாம். நம் ஊர்ச் சுடுகாடுகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பாதை இருக்கிறதா? அவற்றில் நிற்கும் மரங்கள் எவை? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மலை ஊராக இருந்தால் அதன் நகலை வன உரிமைக் குழுவின் கோப்பிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.